தடைக்காலம் முடியுமுன் எங்கள் கரைக்கு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் பக்கம் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையை டீக்கடையில் படிக்கிற ஆள்தான், காசு கொடுத்து வாங்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், சேர விண்ணப்பிக்கலாம் என்று வருஷா வருஷம் கலெக்டர் அறிக்கை ஒன்று உள்பக்கத்தில் நாலு வரியில் வருமே, அந்த நாலு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வருகிறது, 2024-ல் மே 10, 2025-ல் மே 16. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் விண்ணப்பமெல்லாம் மே, ஜூனில்தான். தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வைத்துப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினை இறக்கிப் பிரிப்பது, வலை கோப்பது என்று ஊரே கரையில் கிடக்கும். பரீட்சை முடித்த பையனும் அங்கேதான் நிற்பான், அப்பனோடு அல்லது மாமனோடு. பெயின்ட் டப்பா தூக்கினால் கையில் கொஞ்சம் காசு. ஜூன் முதல் வாரத்தில் படகு முதலாளியான சம்மாட்டி வந்து, "பய சும்மாதானே நிக்கிறான், ஒரு மாசம் வரட்டும், ஐஸ் உடைக்க ஆள் வேணும்" என்பார். வீட்டில் ஏதாவது செலவு இருக்கும், முன்பணம் கைமாறும். ஜூன் 15 படகு இறங்கும்போது பையனும் இறங்கிவிடுவான். ஐ.டி.ஐ. கலந்தாய்வுக்குப் பெயர் கூப்பிடுகிற அன்று அவன் நடுக்கடலில் இருப்பான், அல்லது மீன் பிரித்துக் களைத்துப் போய்த் தூங்கிக்கொண்டிருப்பான்.

அந்த ஒரு மாசம் முடிவதே இல்லை. கையில் பங்கு வர ஆரம்பித்த பிறகு பதினாறு வயசுப் பையனைத் திரும்பப் பெஞ்சில் உட்காரவைப்பது யாராலும் ஆகாது. அவனைக் குறை சொல்ல முடியாது, சம்மாட்டியையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஆள் வேண்டும், கேட்கிறார். வேறு யாரும் அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வந்து அந்தப் பையனைக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2024-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் ராமநாதபுரம் 96.36 சதவீதம் எடுத்து மாநிலத்திலேயே மூன்றாம் இடத்தில் நின்றது. பின்தங்கிய மாவட்டங்கள் என்று மத்திய அரசு 2018-ல் போட்ட பட்டியலிலும் நாங்கள் இருக்கிறோம், தமிழ்நாட்டில் விருதுநகரும் நாங்களும்தான். இரண்டும் ஒரே மாவட்டத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று யோசித்தால், பாஸ் ஆக்குவது வரைதான் வேலை நடக்கிறது, பாஸ் ஆனவன் எங்கே போனான் என்று பார்க்க ஆள் இல்லை என்று தெரியும். தேர்ச்சி விழுக்காடு வந்ததும் பள்ளிக்கூடத்தின் பரபரப்பு அடங்கிவிடுகிறது.

வழிகாட்டும் நிகழ்ச்சிகள் நடக்காமல் இல்லை. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தது, கல்லூரிக் கனவு என்று பெரிய மண்டபத்தில் கூட்டம் போடுகிறார்கள், உயர்வுக்குப் படி என்று கல்லூரியில் சேராமல் விட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற முகாமும் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அவை பெரும்பாலும் பன்னிரண்டு முடித்தவர்களை மனதில் வைத்து நடப்பவை. கரையோரத்தில் பையன் கைநழுவிப் போவது பத்து முடிந்த அந்தக் கோடை விடுமுறையில். அப்புறம், கூட்டம் நடக்கிற இடமும் பள்ளிக்கூட ஹால் அல்லது ராமநாதபுரம் டவுன். மைக்கில் பேசுகிறவர் திரையில் படம் போட்டு ஐ.ஏ.எஸ்., டாக்டர், ஏரோநாட்டிக்கல் என்று சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு நிமிஷத்தில், "அப்புறம் ஐ.டி.ஐ.யும் இருக்கிறது" என்று முடிப்பார். அந்தத் தொனி ஒன்று போதும், எந்த அப்பன் பிள்ளையை அனுப்புவான்? கலாம் ஐயா பிறந்த ஊர் என்பதால் எங்கள் பக்கத்தில் கனவு காணச் சொல்லாத மேடையே கிடையாது. விண்ணப்பம் எங்கே போடுவது என்று சொல்கிற மேடைதான் அபூர்வம்.

ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராதவன் போகிற இடம் என்று எங்கள் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அதே வீட்டில் மூத்தவன் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பி.இ. முடித்துவிட்டு நாலு பாடம் அரியரோடு பைனான்ஸ் கம்பெனிக்கு வசூலுக்குப் போய்க்கொண்டிருப்பான். அதைப் பார்த்தும் சின்னவனுக்கும் அதே கல்லூரி ஏஜென்ட்டுக்குத்தான் போன் போடுவார்கள். பட்டறையில் கிரீஸ் கையோடு நிற்பது கௌரவக் குறைச்சல், கடனில் நிற்பது குறைச்சல் இல்லை!

என் பட்டறையில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் இருந்தான், பெயர் வேண்டாம், பத்து முடித்துவிட்டு என்னிடம் ஹெல்பராக வந்தவன். காது அவ்வளவு கூர்மை. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் அடைக்கிறது என்று சொல்லிவிடுவான். கடல்தண்ணி பம்ப்பில் இம்பெல்லர் தேய்ந்துவிட்டதை, படகுக்கு வெளியே தண்ணி விழுகிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான். ஆனால் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, செட் பண்ணச் சொன்னால் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குண்ணே" என்பான். மேனுவலில் 0.30 மில்லிமீட்டர் என்று இருக்கும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடுகளைக் கையில் கொடுத்தால் எந்தத் தகடு 0.30 என்று அவனுக்குப் படிக்கத் தெரியாது, தசமப் புள்ளியைப் பார்த்தாலே கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிடும் போல. கண்மதிப்பில் வைத்தால் பழைய இன்ஜின் ஓடிவிடும். புது இன்ஜின் மன்னிக்காது, இடைவெளி கம்மியானால் வால்வு முழுசாக மூடாமல் சூட்டில் கருகும், கூடினால் அடிக்கும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் எங்கள் பகுதியில் அது வெறும் மெக்கானிக் பிரச்சினை இல்லை. பாக் நீரிணையில் நீரோட்டம் படகை எந்தப் பக்கம் தள்ளும், எல்லைக்கோடு எவ்வளவு பக்கம், பிடிபட்டால் எந்தச் சிறை என்று இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும்.

அந்தப் பையனை ஒரு வருஷம் கழித்து டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்த்துவிட்டேன். ஒரு வருஷப் படிப்புதான். திரும்பி வந்தபோது வெர்னியர் படித்தான், மைக்ரோமீட்டர் பிடித்தான், சிலிண்டருக்குள் இருக்கிற லைனரின் தேய்மானத்தை மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று எழுதிவைத்தான். முன்பு இருந்த காதும் அப்படியே இருந்தது. இப்போது என்னிடம் இல்லை, வேறு ஊரில் இருக்கிறான், என்னைவிட அதிகம் வாங்குகிறான். பட்டறையில் மட்டும் கற்றவனுக்குப் பழக்கம் இருக்கும், காரணம் தெரியாது. ஐ.டி.ஐ.யில் மட்டும் கற்றவனுக்குக் காரணம் தெரியும், போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாது. இரண்டும் சேர வேண்டும், அதுவும் இருபது வயசுக்குள் சேர வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம், வரைபடக் கருவிகள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய், அது 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. கூட்டினால் 1,750. மீனவர் நல வாரியத்தில் அப்பா அம்மா உறுப்பினராக இருந்தால் பிள்ளை படிப்புக்கு அதிலும் உதவித்தொகை கேட்கலாம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் எந்தத் தேதியில் ஏறும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்த 1,750 தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

பத்தில் ஃபெயில் ஆனவனுக்கும் வழி உண்டு. வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெல்டர் ஒரு வருஷம், வயர்மேன் இரண்டு வருஷம். எட்டு முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவன் தமிழ், ஆங்கிலம் இரண்டு மட்டும் எழுதிப் பாஸ் பண்ணினால் பத்துக்குச் சமம், பத்து முடித்து இரண்டு வருஷம் படித்தவன் அதேபோல எழுதினால் பன்னிரண்டுக்குச் சமம். பத்து முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமா முடித்தவன் பி.இ.யில் நேராக இரண்டாம் வருஷம். அதாவது ஐ.டி.ஐ. போனால் மேல்படிப்பு அடைபட்டுவிடும் என்பது சுத்தப் பொய். இதைச் சொல்ல வேண்டியவர்களில் சிலருக்கே தெரியாது. துணைத்தேர்வை எழுதிக்கொண்டே வெல்டர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு அம்மாவிடம் சொன்னபோது, "ஸ்கூல்ல யாரும் சொல்லலியே" என்றார். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்பாசி எடுக்கப் போய்க் காலைப் பாறையில் கிழித்துக்கொண்டு வருகிற, இருபத்தைந்து முப்பது வயசுப் பெண்கள் இங்கே நிறையப் பேர். அவர்களில் யாராவது ஏ.சி. மெக்கானிக் படிக்க வந்தால் சட்டப்படி தடை ஒன்றும் இல்லை, வீட்டில் இருக்கிற தடைதான்.

எந்தப் பிரிவு படித்தால் எங்கள் கரையில் வேலை என்று கேட்டால், என் கணிப்பில் முதலில் குளிர்சாதனம். ஐஸ் பிளான்ட், மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளின் குளிர்பதனக் கிடங்கு, ராமேஸ்வரத்தில் முளைத்துக்கொண்டே இருக்கிற லாட்ஜ்கள், அத்தனையிலும் ஏ.சி., கம்ப்ரஸர். உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் காயில் சீக்கிரம் அரித்துவிடும், வேலை தீராது. அடுத்து வெல்டர். அடுத்து எலக்ட்ரீஷியன், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது, வீட்டுக் கூரைகளிலும் சோலார் பலகை ஏற ஆரம்பித்துவிட்டது. ரயில்வேயில் டெக்னீஷியன், அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு ஐ.டி.ஐ. கேட்கிறார்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை முகாம் எங்கள் கண்ணெதிரே இருக்கிறது, அதில் யாந்திரிக் என்ற பதவிக்குப் பத்தாம் வகுப்போடு எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மாதிரி டிப்ளமா வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நீச்சல் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அந்த டிப்ளமாதான் இல்லை.

அப்புறம், சிப்நெட். இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் மீன்வளத்துறை நடத்தும் பயிற்சி நிறுவனம், 1963-ல் தொடங்கியது, தலைமையிடம் கொச்சி, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு இரண்டு உண்டு, ஒன்று கப்பல் செலுத்தும் படிப்பு, இன்னொன்று மெரைன் ஃபிட்டர். கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியாக 40 மார்க், வயது 15-லிருந்து 20-க்குள், நுழைவுத்தேர்வு. முடித்தவர்கள் கடல் அனுபவம் சேர்த்து, தேர்வு எழுதி, மேட், ஸ்கிப்பர், இன்ஜின் டிரைவர் என்று சான்றிதழ் வாங்கி மேலே போகலாம். அதாவது எங்கள் பையனுக்கு அவன் தாத்தா சொல்லிக்கொடுத்த காற்றும் நீரோட்டமும் ஒரு பக்கம் இருக்க, அதன்மேல் சார்ட் படிப்பது, ரேடார் பார்ப்பது, சட்டம் எல்லாம் ஏறும். இந்தப் படிப்பு பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, மூக்கையூர் பையன்களுக்காகவே வைத்தது போல இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் சிப்நெட் என்று சொன்னால் ஏதோ செல்போன் சிம் என்று நினைப்பார்கள்.

வெளிநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவுக்குப் போகாத வீடு இல்லை. போவது தப்பில்லை, ஹெல்பர் விசாவில் போவதா, டெக்னீஷியனாகப் போவதா என்பதுதான் கேள்வி. ஒரே வெயில், ஒரே கேம்ப், சம்பளம் மட்டும் வேறு. பத்து பாஸ் பண்ணாதவன் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும் என்று முத்திரை விழும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அது விழாது, அதனால் எப்படியாவது பத்தை முடித்துவிடுங்கள் என்று நான் எல்லாப் பையன்களிடமும் சொல்வேன். சவூதிக்கு இப்போது பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் மாதிரி வேலைகளுக்கு விசாவுக்கு முன்னாடி இங்கேயே திறன் தேர்வு வைக்கிறார்கள். முன்பு மாதிரி, "அங்க போய்ப் பழகிக்கலாம் மாப்ள" என்று மச்சான் இழுத்துவிட முடியாது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் கால்வாசி கூட இரண்டு வருஷ ஐ.டி.ஐ.க்கு ஆகாது. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜி.பி. ரேட்டிங் என்று கப்பல் பணியாளர்களுக்கான ஆறு மாதப் பயிற்சி உண்மையிலேயே இருக்கிறது, பத்து முடித்தால் போதும், ஆனால் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இணையத்தில் யாரும் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் வீட்டை அடகு வைத்துப் போலிச் சான்றிதழோடு வந்து நிற்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதுகிறேனே, ஒருவர் கேட்டார், நீ குலக்கல்விக்கு ஆள் பிடிக்கிறாயா என்று. நியாயமான கேள்விதான், அதைத் தாண்டிப் போக முடியாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று இருந்தது, நாடு கொந்தளித்தது, 1954-ல் காமராஜர் வந்ததும் கைவிட்டார்கள். கைவிட்டது சரி. மீனவன் மகன் மீனவனாகவும் மிளகாய்க் காட்டுக்காரன் மகன் மிளகாய்க் காட்டிலும் இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன். ஆனால் இன்றைக்கு எங்கள் கரையில் யாரும் திட்டம் போடாமலே அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பத்து முடித்தவனுக்கு வழி சொல்லாமல் விட்டால் அவன் அப்பன் படகில்தான் ஏறுவான். ஐ.டி.ஐ. அவனை அங்கிருந்து வெளியே எடுக்கிற வழிகளில் ஒன்று. அதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. நல்ல மார்க் எடுத்த மீனவர் வீட்டுப் பிள்ளை பதினொன்றில் கணக்கு-உயிரியல் கேட்டால், "உனக்கு எதுக்கு அதெல்லாம், ஐ.டி.ஐ. போ" என்று திருப்பிவிடுகிற வாத்தியார்களும் இருக்கிறார்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்ற பயம். அது வழிகாட்டல் இல்லை, தள்ளிவிடுதல். பெண் பிள்ளை என்றால் தையல், கம்ப்யூட்டர் என்று இரண்டை மட்டும் நீட்டுவதும் அந்த வகைதான்.

மேல்நிலையில் தொழிற்பிரிவு என்று ஒன்று 1978-லிருந்து இருக்கிறது. அங்கே ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடாமல் பிரிவையே மூடிவிடுகிற கதையை நான் எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகும். விடுகிறேன்.

தூரம் ஒரு பெரிய தொல்லை. பரமக்குடி ஐ.டி.ஐ. பழைய, நல்ல ஐ.டி.ஐ., ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பிறகுதான் தீவுக்கு ரயில் வந்தது. இடையில் இரண்டேகால் வருஷம் தீவுப் பிள்ளைகளுக்கு பஸ், இல்லையென்றால் மண்டபம் வந்து ரயில். அந்தப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே மேலே ஏறுகிறது, ஊரே செல்போனோடு போய் நின்று பார்த்தோம். வெல்டிங்கும் மோட்டாரும் கன்ட்ரோல் பேனலும் சேர்ந்த வேலை அது. அதைப் பராமரிக்கிற ஆட்களில் வருங்காலத்தில் நாலு பேராவது பாம்பன்காரனாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதிகமா? பஸ் பாஸ் கொடுத்தால் போதாது, காலை ஒன்பதுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஹாஸ்டல் வேண்டும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு.

பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தியிருக்கிறது அரசு. ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் எல்லாம் வந்திருக்கிறது, வரவேற்கிறேன், ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற பையனுக்கு அது வேண்டும். ஆனால் 237 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாவட்டத்தில் படகு டீசல் இன்ஜின், அவுட்போர்டு மோட்டார், ஃபைபர் படகு ஒட்டு வேலை, எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் பொருத்துவது இதெல்லாம் ஒரு பிரிவாக ஏன் இருக்கக் கூடாது? வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா என்று பெரிதாகப் பேசுகிறார்கள், பாசியைக் காயவைத்துச் சிப்பமாக்குவதோடு நிற்காமல் பதப்படுத்தும் இயந்திரங்களை ஓட்ட, பழுது பார்க்க ஆள் வேண்டுமே, அவர்களை இப்போதே எங்கே தயார் செய்கிறோம்? இங்கே தயார் செய்யாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து வருவார்கள், எங்கள் பெண்கள் வழக்கம்போல் பாசி வளர்க்கிற மிதவை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்களைப் போன்ற பட்டறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் அப்ரண்டிஸ் கட்டாயம், நாலு பேருக்குக் குறைவான பட்டறை வைத்துக்கொள்ளவே முடியாது. என் பட்டறையில் நானும் இரண்டு பேரும்தான். ஆக, இந்தக் கடற்கரை முழுக்கப் பரவிக் கிடக்கிற, உண்மையில் வேலை சொல்லிக்கொடுக்கிற சின்னப் பட்டறைகள் எதுவும் கணக்கிலேயே வராது. நாலைந்து பட்டறை சேர்ந்து ஒரு குழுவாகப் பதிந்துகொண்டு, ஐ.டி.ஐ. பையன்களைத் தடைக்காலத்தில் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ள வழிசெய்தால் என்ன? வருஷத்திலேயே அதிக இன்ஜின் பிரிபடுகிற காலம் அதுதான். ஒரு பையன் அந்த இரண்டு மாதத்தில் பார்க்கிற வேலை, வகுப்பறையில் ஒரே மாடல் இன்ஜினைக் கழற்றி மாட்டுவதைவிடப் பத்து மடங்கு.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. மே கடைசி வாரத்தில், தடைக்காலம் முடியுமுன், கரைக்கு வாருங்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், தேவிபட்டினம், தொண்டி என்று படகு கரையேறிக் கிடக்கிற இடத்துக்கே வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் அப்பன்மார்கள் தெளிவாக உட்கார்ந்திருப்பார்கள், இன்னும் லேட்டானால் நிலைமை வேறு. பேசுகிறவர் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை, ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவர், அங்கே படித்து இப்போது சம்பாதிக்கிற உள்ளூர்ப் பையனோ பெண்ணோ இரண்டு பேர் போதும். சம்பளச் சீட்டைக் காட்டட்டும். இ-சேவைக்காரர் ஒருவரை லேப்டாப்போடு உட்காரவைத்து விண்ணப்பத்தை அங்கேயே போட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு வி.ஏ.ஓ. அங்கேயே பார்த்து அனுப்பட்டும், பாதிப் பிள்ளைகள் நின்றுபோவது ஒரு காகிதத்தில்தான். பள்ளிவாசல் ஜமாத், பங்குச் சாமியார், ஊர்த் தலைவர்களிடம் முன்னாடியே சொல்லிவிட்டால் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியதில்லை. அரசின் கல்வி உதவி எண் 14417 என்பதை ஐஸ் பிளான்ட் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள், பள்ளிக்கூடச் சுவரை லீவில் யார் பார்க்கிறார்கள்?

சம்மாட்டி அண்ணன்மார்களுக்கு: பதினெட்டு வயசு ஆகாத பையன் பெயரில் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். டோக்கனுக்கும் டீசலுக்கும் எத்தனையோ தீர்மானம் போட்டிருக்கிறோம்.

உங்களிடமும் ஒன்று, ஆசிரியர் ஐயா. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் கேக் ஊட்டிக்கொள்ளும் படத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள், ஒதுக்குங்கள், அவர்கள் உழைத்தவர்கள். அதற்கு அடுத்த நாள் கால் பக்கமாவது ஒதுக்கி, மாவட்டத்தில் எந்த ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவில் எத்தனை இடம், எந்தப் பாலிடெக்னிக்கில் எவ்வளவு கட்டணம், கடைசித் தேதி என்ன, ஹாஸ்டல் உண்டா என்று ஒரு அட்டவணை போடுங்கள். கலந்தாய்வு முடிந்ததும் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், அந்தப் பட்டியலையும் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி என் பட்டறைக் கதவில் ஒட்டுவது என் பொறுப்பு, மற்ற பட்டறைக்காரர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்ஜின் பட்டறைக்காரர் ஒருவர்,
மண்டபம்.